பெட்டியில் 50, வண்டியில் 75: ஒரு ஜிம்னியின் சஸ்பென்ஷன் மாற்றம்

ஆய்வுக்கு வந்த வண்டி, 2018-இல் அறிமுகமான தலைமுறையைச் சேர்ந்த மூன்று கதவு சுசுகி ஜிம்னி. ஏணி வடிவச் சேஸிஸ், முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உறுதியான அச்சு), நான்கு மூலையிலும் காயில் ஸ்பிரிங். வீல்பேஸ் 2,250 மி.மீ. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தரையிடைவெளி 210 மி.மீ.; முன்புற ஏறு கோணம் 37 டிகிரி, பின்புற இறங்கு கோணம் 49 டிகிரி. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கத்தான் தோன்றும். ஆனாலும் வாங்கிய கையோடு வண்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். இந்த வண்டியின் உரிமையாளரும் அவர்களில் ஒருவர்.

அவர் 50 மி.மீ. உயர்த்தும் கிட் ஒன்றை வாங்கிப் பொருத்தியிருந்தார். நான்கு ஸ்பிரிங், நான்கு ஷாக் அப்சார்பர், சில போல்ட்டுகள், அவ்வளவுதான். பொருத்திய பிறகு மூன்று குறைகள் தெரிந்தன. சிறிய மேடுகளில் பின்பக்கம் உதைக்கிறது. வரிப்பள்ளம் விழுந்த மண்சாலையில் வால் பக்கவாட்டில் நழுவுகிறது. இது முதலாவது. வேகம் 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் லேசாகி, வண்டி அலைபாய்கிறது; திருப்பத்துக்குப் பிறகு சக்கரம் தானாக நேராவதில்லை. இது இரண்டாவது. மூன்றாவதுதான் அவரை அதிகம் குழப்பியது. குறுக்கே வெட்டிய பள்ளத்தைக் கோணலாகக் கடக்கும்போது, முன்பு தரையைத் தொட்டுக்கொண்டிருந்த சக்கரம் இப்போது அந்தரத்தில் நின்று சுழல்கிறது. காசு செலவழித்து உயர்த்திய வண்டி பழையதைவிட மோசமாகக் கடக்கிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

மருந்தையும் அவரே முடிவு செய்துகொண்டுதான் வந்தார். தனி எண்ணெய்க் கலம் உள்ள ரிசர்வாயர் ஷாக் நான்கு, அதோடு ஸ்டீயரிங்கின் நடுக்கத்தை அடக்கும் கனமான ஸ்டீயரிங் டாம்பர் ஒன்று. "எந்த பிராண்டு நல்லது என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். சஸ்பென்ஷன் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை இப்படித்தான் பிராண்டில் தொடங்குகின்றன. ஆனால் அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, இந்த வண்டி எத்தனை கிலோ, அந்த எடை எந்த ஆக்சிலில் எவ்வளவு உட்கார்கிறது என்பது.

எடை மேடையில்

டேங்க் நிரம்பிய நிலையில், ஓட்டுநர் ஏறி, முன் ஆக்சிலைத் தனியாகவும் பின் ஆக்சிலைத் தனியாகவும் எடை போட்டோம். எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன்: முன்னால் 650, பின்னால் 530, மொத்தம் 1,180 கிலோ. பல சந்தைகளில் இந்த வண்டிக்குக் குறிக்கப்பட்டிருக்கும் அதிகபட்ச மொத்த எடை 1,435 கிலோ. ஆக, ஓட்டுநருக்குப் பிறகு மிச்சம் 255 கிலோ. ஒரு துணை, கூடாரம், தண்ணீர், கருவிப்பெட்டி, சமையல் சாமான் என்று அவர் உண்மையில் ஏற்றுவது இதில் பாதியைக்கூட எட்டாது. வாரநாட்களில் வண்டி காலியாகத்தான் ஓடுகிறது.

அடுத்து, கிட்டோடு வந்த தாளைப் படித்தோம். முன் ஸ்பிரிங், இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் கருவி) பொருத்திய வண்டிக்கானது. பின் ஸ்பிரிங், எப்போதும் 150 கிலோ கூடுதலாகச் சுமக்கும் வண்டிக்கானது. இவரிடம் பம்பர் இல்லை, வின்ச் இல்லை, நிரந்தரச் சுமையும் இல்லை. "எல்லாம் போடப் போகிறேன்" என்றார். பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைத்த கதைதான். இதில் அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கனமான ஸ்பிரிங் என்றால் உறுதியானது, உறுதியானது என்றால் உயர்ந்தது என்ற எண்ணம் வாங்குபவரிடமும் விற்பவரிடமும் ஒன்றுபோல வேரூன்றியிருக்கிறது. ஓல்ட் மேன் எமு போன்ற தயாரிப்பாளர்கள் ஒரே வண்டிக்கு எடையைப் பொறுத்து வெவ்வேறு ஸ்பிரிங் எண்களைப் பட்டியலில் தருவதற்குக் காரணம் உண்டு. அந்தப் பட்டியலில் "சுமை" என்ற பத்திதான் முக்கியம்; பலர் "உயரம்" என்ற பத்தியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அவருடைய கனவுப் பட்டியலையும் அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் 70 கிலோவுக்குக் குறையாது. பம்பர் ஆக்சிலுக்கு முன்னால் தொங்குவதால், தன் எடையைவிடச் சற்று அதிகமாகவே முன் ஆக்சிலில் ஏற்றும். அந்த உபரி பின் ஆக்சிலில் குறையும். கூரைக் கேரியர், அதன் மேல் கூடாரம், இரண்டாவது பேட்டரி, பின் டிராயர் என்று சேர்த்தால் 255 கிலோ வீட்டு வாசலிலேயே தீர்ந்துபோகும். ஏறுவதற்கு மனிதருக்கு இடமிருக்காது. கனமான ஸ்பிரிங் போட்டால் வால் தொங்காது என்பது உண்மை. ஆனால் பிரேக், சேஸிஸ், ஆக்சில் ஹவுசிங், சக்கர பேரிங் எல்லாம் அதே பழையவைதான். ஸ்பிரிங் மாற்றியதால் அனுமதிக்கப்பட்ட எடை ஒரு கிலோகூட ஏறுவதில்லை. அதற்குச் சான்றிதழோடு வரும் தனி ஏற்பாடு வேண்டும்.

உயரத்தை அளந்தபோது

சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள வளைவின் விளிம்பு வரை அளப்பதுதான் நம்பகமான முறை. டயரில் காற்று குறைந்தாலும் தேய்ந்தாலும் இந்த அளவு மாறாது. மாற்றம் எதுவும் செய்யாத இதே மாடல் வண்டியோடு ஒப்பிட்டால், முன்னால் 65 மி.மீ., பின்னால் 75 மி.மீ. உயர்ந்திருந்தது. பெட்டியில் அச்சிட்டிருந்தது 50.

பெட்டி பொய் சொல்லவில்லை. 150 கிலோ ஏற்றிய பிறகு 50 மி.மீ. உயரத்தில் நிற்கும் ஸ்பிரிங் அது. கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று, பின்னால் பக்கத்துக்கு 200 கிலோ ஸ்பிரிங் மேல் உட்கார்வதாக வைத்துக்கொள்வோம். ஆக்சிலும் சக்கரங்களும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால், எடை மேடை காட்டிய 530 கிலோவில் ஏறக்குறைய 130-ஐக் கழித்துவிட வேண்டும். மென்மையான ஸ்பிரிங் ஒன்று, ஒரு மி.மீ. அமுங்க 2 கிலோ கேட்கிறது; கிட்டில் வந்த கனமான ஸ்பிரிங் 3 கிலோ கேட்கிறது என்று கொள்வோம். பக்கத்துக்கு 75 கிலோ சுமை இல்லாதபோது கனமான ஸ்பிரிங் 25 மி.மீ. மேலே எழும்பி நிற்கும். 50-உம் 25-உம் 75. அளவு நாடா காட்டியதும் அதுவேதான்.

பின்பக்கம் முன்பக்கத்தைவிட 10 மி.மீ. கூடுதலாக உயர்ந்ததால் வண்டி மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்றது. பார்வைக்குத் தெரியாத அளவுதான், ஆனால் ஸ்டீயரிங் கணக்கில் அதுவும் சேரும்.

இதே எண்கள் மூன்றாவது குறையையும் விளக்கிவிடுகின்றன. மென்மையான ஸ்பிரிங் 200 கிலோவின் கீழ் 100 மி.மீ. அமுங்கியிருக்கும், கனமானது 67 மி.மீ. மட்டுமே. பள்ளத்தில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கி, ஸ்பிரிங் 50 மி.மீ. நீளட்டும். மென்மையானது இன்னும் 100 கிலோ விசையோடு சக்கரத்தைத் தரையை நோக்கித் தள்ளுகிறது. கனமானதில் மிச்சம் 50 கிலோ. 67 மி.மீ. நீண்டதும் அதுவும் தீர்ந்துவிடும். அதற்குக் கீழே சக்கரத்தைத் தரையோடு வைத்திருக்க ஆக்சிலின் சொந்த எடையைத் தவிர வேறொன்றுமில்லை. பிடிமானம் என்பது டயரின் மேல் உள்ள எடையைப் பொறுத்தது. எடை போனால் பிடி போகும். ஜிம்னியில் சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து எதிர்ச்சக்கரத்துக்கு விசை அனுப்பும் மின்னணு ஏற்பாடு உண்டு. ஆனால் அது சக்கரம் சுழலத் தொடங்கிய பிறகே விழித்துக்கொள்ளும். சக்கரம் தரையை விடாமல் இருந்தால் அதற்கு வேலையே இல்லை.

ரிஜிட் ஆக்சிலுக்கு ஓர் இயல்பான சலுகை உண்டு. ஸ்பிரிங்குகள் சக்கரத்துக்கு உட்பக்கமாக நெருங்கி அமைந்திருப்பதால், ஆக்சில் சாயும்போது சக்கரம் இறங்கும் தூரத்தைவிட ஸ்பிரிங் நீளும் தூரம் குறைவு. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் தானே கீழே அழுத்தப்படும். கரடுமுரடான நிலத்தில் இந்த வகை வண்டிகள் தனித்தனி சஸ்பென்ஷன் கொண்டவற்றைவிட நிதானமாக நடப்பது இதனால்தான். கிடைத்த சலுகையைக் கடினமான ஸ்பிரிங்குக்குத் தாரை வார்ப்பதில் என்ன லாபம்?

சொகுசைப் பற்றியும் இதே எண்கள் பேசும். உடல் மெதுவாக அசைந்தால் சொகுசு, வேகமாக அசைந்தால் குலுக்கல். இந்த 200 கிலோவை மென்மையான ஸ்பிரிங் வினாடிக்கு 1.6 தடவை வேகத்தில் அசைக்கும், கனமானது 1.9 தடவை. பக்கத்துக்கு 75 கிலோ ஏற்றினால் கனமானதும் 1.65-க்கு இறங்கிவிடும். அதாவது, இவர் வாங்கிய ஸ்பிரிங் கெட்ட ஸ்பிரிங் அல்ல. அதற்குரிய சுமையோடு ஓடியிருந்தால் காலி ஜிம்னியைப் போலவே நடந்துகொண்டிருக்கும்.

ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு

உதைப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத் தாளில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் ஸ்பிரிங் இரண்டையும் எடுத்துவிட்டு, ஷாக்குகளை மட்டும் விட்டு, ஆக்சிலைத் தள்ளு ஜாக்கியில் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். சஸ்பென்ஷன் வேலையில் இதைவிட அதிகம் கற்றுத்தரும் சோதனை வேறில்லை என்பது என் எண்ணம். ஸ்பிரிங்கின் முரட்டு விசை இல்லாதபோது ஆக்சில் கைக்கு அடங்கி நகர்கிறது. எது எப்போது எதை முதலில் தொடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

மேலே ஏற்றும்போது ரப்பர் பம்ப் ஸ்டாப் முதலில் முட்ட வேண்டும். அது நன்றாக நசுங்கிய பிறகும் ஷாக்கின் தண்டு சிறிது வெளியே மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டியின் முழு அடியையும் ஷாக்கின் அடிப்பகுதி வாங்கும், சில காலத்தில் வெல்டிங் விடும். இந்த வண்டியில் அந்தப் பக்கம் சரியாகவே இருந்தது. கீழே இறக்கியபோதுதான் கதை வெளியே வந்தது. வண்டி நிற்கும் இயல்பான உயரத்திலிருந்து ஆக்சில் கொஞ்சம் இறங்கியதுமே ஷாக் முழுதாக நீண்டு, தட்டென்று நின்றுவிட்டது. கிட்டின் ஷாக் பழையதைவிட 25 மி.மீ. நீளமானது, ஆனால் உடல் உயர்ந்ததோ 75 மி.மீ. எனவே சக்கரம் கீழே போவதற்கு இருந்த இடத்தில் 50 மி.மீ. காணாமல் போயிருக்கிறது.

உரிமையாளர் "உதைக்கிறது" என்றது இந்தத் தட்டலைத்தான். உடனே வண்டியை மீண்டும் பூட்டி, மேட்டில் மெதுவாக ஓட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டால் வித்தியாசம் புரிகிறது. சக்கரம் மேட்டில் ஏறும்போது சத்தம் இல்லை. மேட்டைத் தாண்டி இறங்கும்போது, ஷாக் தன் எல்லையில் இழுபடும் கணத்தில்தான் சத்தம் வருகிறது. ஏறும்போது வரும் அடிக்கும் இறங்கும்போது வரும் அடிக்கும் மருந்து வேறு. முன்னதற்கு மென்மையான ஸ்பிரிங்கோ, நல்ல பம்ப் ஸ்டாப்போ, அமுக்கத்தில் இளகிய ஷாக்கோ வேண்டும். பின்னதற்கு நீளமான ஷாக் அல்லது குறைந்த உயரம் வேண்டும். எத்தனை விலையுள்ள ரிசர்வாயர் ஷாக்கும் நீளம் போதாவிட்டால் இதே இடத்தில் இதே சத்தத்தைத்தான் போடும்.

வரிப்பள்ளத்தில் வால் நழுவுவதும் இதன் நீட்சியே. முக்கால் மீட்டருக்கு ஒன்றாக வரிகள் விழுந்த சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால், சக்கரம் வினாடிக்கு 20 தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு வரிக்கும் கீழே போய்த் தரையைத் தொட அதற்கு இடமும் வேண்டும், தள்ளும் விசையும் வேண்டும். இரண்டும் குறைந்த சக்கரம் பாதி நேரம் காற்றில் மிதக்கிறது. மிதக்கும் சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடி ஏது?

ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை ஷாக் தண்டில் இறுக்கமாகக் கட்டிவிட்டு வழக்கமான பாதையில் ஓட்டினால், தண்டு எவ்வளவு உள்ளே போகிறது என்பதை அது நகர்ந்து நின்ற இடம் காட்டிக்கொடுக்கும். காலணாப் பெறாத இந்தக் கருவி மேற்பயணத்தில் நிறைய இடம் பயன்படாமல் மிச்சமிருப்பதைக் காட்டியது. மேலே இடம் வீணாகக் கிடக்க, கீழே பஞ்சம்.

இறக்கிப் பார்த்த சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. முன் ஆக்சிலை முழுவதும் தொங்கவிட்டு ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பியபோது முன் பிரேக் ஹோஸ் கிட்டத்தட்ட விறைத்து நின்றது. கிட்டில் இதற்கென்று எதுவும் கொடுக்கப்படவில்லை. ஹோஸ், ஏபிஎஸ் கம்பி, ஆக்சிலின் காற்றுக்குழாய் மூன்றையும் முழுத் தொங்கலில் பார்க்காமல் எந்த உயர்த்தும் வேலையையும் முடிந்ததாகச் சொல்லக்கூடாது.

ஸ்டீயரிங் ஏன் லேசானது

ஜிம்னியின் முன் ஆக்சிலைப் பிடித்திருப்பவை பின்னோக்கிப் போய்ச் சேஸிஸில் சேரும் இரண்டு ரேடியஸ் ஆர்ம்கள். உடலை உயர்த்தினால் ஆர்மின் பின்முனை மேலே போகிறது. அதோடு ஆக்சில் முழுவதும் முன்பக்கமாகச் சுழல்கிறது. சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வுதான் காஸ்டர். ஓடும்போது சக்கரத்தை நேராக வைத்திருப்பது அதுதான். ஆர்ம் ஒரு மீட்டர் நீளம் என்றால் 50 மி.மீ. உயர்வுக்குக் காஸ்டர் சுமார் 2.9 டிகிரி குறையும். சிறிய வண்டிகளில் ஆர்மும் சிறியது, எனவே இழப்பு அதைவிடக் கூடுதல். இங்கே உயர்ந்தது 65 மி.மீ.; போதாக்குறைக்கு மூக்கு குத்திய நிலை இன்னொரு கால் டிகிரியைத் தின்றது. அலைன்மென்ட் இயந்திரம் காட்டிய எண் தொழிற்சாலை வரம்புக்கு வெளியே இருந்தது. ஸ்டீயரிங் தானாக நேராகாததில் வியப்பில்லை.

கனமான ஸ்டீயரிங் டாம்பர் இதைச் சரிசெய்யாது. சக்கர பேலன்ஸ், கிங்பின் பேரிங் (முன்சக்கரம் திரும்பும் அச்சில் உள்ளது), ரேடியஸ் ஆர்ம் புஷ் (இணைப்பில் உள்ள ரப்பர் உருளை), பனார்ட் ராடு (ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு) புஷ் இவற்றில் ஏதேனும் தளர்ந்து முன்சக்கரம் நடுங்கும்போதும் பலர் டாம்பரைத்தான் மாற்றுகிறார்கள். நடுக்கம் சில காலம் அடங்கியது போல் தெரியும். தளர்ந்த பாகம் மேலும் தளரும். இந்த வண்டியில் பேரிங்கும் புஷ்களும் உறுதியாகவே இருந்தன என்பதால் டாம்பரைத் தொடவேயில்லை.

ஸ்டீயரிங் வீலும் சற்றுக் கோணலாக இருந்தது. உயரம் மாறினால், ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடின் கோணமும் மாறும். அந்த ராடின் நீளத்தைத் திருத்தித்தான் வீலை நேராக்க வேண்டும். வீலைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டுவது குறுக்குவழி மட்டுமல்ல, ஆபத்தும்கூட. ஸ்டீயரிங் கோண சென்சார் சொல்வதும் வண்டி உண்மையில் போகும் திசையும் பொருந்தாதபோது, நிலைத்தன்மைக் கட்டுப்பாடு தேவையில்லாத நேரத்தில் பிரேக்கில் கை வைக்கும்.

எதை எடுத்தோம், எதை விட்டோம்

மூன்று வழிகள் இருந்தன. கனமான ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு அதற்கேற்ப பம்பரும் வின்ச்சும் சுமையும் ஏற்றுவது முதல் வழி. அவருக்கு அதில்தான் ஆசை. எடைக் கணக்கு அதை மூடிவிட்டது.

தொழிற்சாலை ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் திரும்புவது இரண்டாவது வழி. அவர் ஓட்டும் பாதைகளுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து, அதை மறைக்கவில்லை. வண்டியின் அடியில் இருந்த கீறல்களை எண்ணிப் பார்த்தால், பல டிஃபரன்ஷியல் குடத்திலும் (ஆக்சிலோடு சேர்ந்த கியர் உறை) பின் ஆர்ம்களின் ஆக்சில் பக்கத்துப் பிடிகளிலும் இருந்தன. ரிஜிட் ஆக்சில் வண்டியில் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் இவை ஒரு மி.மீ.கூட உயராது. அவற்றை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் விட்டம் கூடியதில் பாதி. 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மி.மீ.; 215/75 ஆர்15 போட்டால் சுமார் 704. தரையிடைவெளி ஏறக்குறைய 5 மி.மீ. கூடும். 235/75 ஆர்15-இல் 20 மி.மீ. கிடைக்கும், ஆனால் கியர் விகிதம் நீளும், சக்கர வளைவில் உரசும், ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை கூடும். இவ்வளவு சிறிய எஞ்சினுக்கு அது சுமைதான்.

இருந்தாலும் நடுவயிற்றிலும் சில கீறல்கள் இருந்தன. மேட்டு உச்சியில் வயிறு தட்டிய அடையாளங்கள். அதற்கு உடல் உயர்வு உதவும். அவருடைய விருப்பத்துக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. எனவே மூன்றாவது வழியைப் பிடித்தோம்: காலி வண்டிக்கும் லேசான சுமைக்கும் உரிய, 40 மி.மீ. உயர்த்தும் ஸ்பிரிங், அந்த உயரத்தில் கீழ்ப்பயணம் குறையாத நீளமுள்ள ஷாக்.

ஸ்பிரிங்கில், அமுங்க அமுங்கக் கடினமாகும் வகையும் ஒரே சீரான வகையும் உண்டு. சுமை நாளுக்கு நாள் பெரிதாக மாறும் வண்டிக்கு முன்னது பொருந்தும். இங்கே சுமையின் ஏற்ற இறக்கம் 100 கிலோ சுற்றளவுதான். சீரான மென்மையான ஸ்பிரிங்கில் 100 கிலோ ஏற்றினால் பின்பக்கம் 25 மி.மீ. போல இறங்கும்; அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஷாக்கை ஒரு விறைப்புக்குத்தான் பொருத்தமாக அமைக்க முடியும் என்பதால் எனக்குச் சீரான ஸ்பிரிங்கின் மேல்தான் சாய்வு. ஸ்பிரிங்குக்குள் வைக்கும் காற்றுப் பையையும் பரிசீலித்தோம், தேவைப்படவில்லை.

ஷாக்கைத் தேர்ந்தெடுத்தது இன்னும் சுவையான பகுதி. ஒற்றைக்குழாய் ஷாக்கில் வாயு அழுத்தம் அதிகம். எண்ணெயில் நுரை வராது, வெப்பமும் வெளிச்சுவர் வழியாக நேரே வெளியேறும். ஆனால் அந்த அழுத்தம் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. 14 மி.மீ. தண்டு, 25 பார் அழுத்தம் என்றால் தள்ளுவிசை 385 நியூட்டன், அதாவது 39 கிலோ. மி.மீ.க்கு 2 கிலோ ஸ்பிரிங்கில் இது கிட்டத்தட்ட 20 மி.மீ. உயர்வு! மூன்று டன் வண்டியில் யாரும் கவனிக்காத இந்த விசை, ஒரு டன் வண்டியில் 40 மி.மீ. ஸ்பிரிங்கை 60 ஆக்கிவிடும். ஷாக் சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவே. இன்னொன்று, ஒற்றைக்குழாயில் பிஸ்டன் வெளிச்சுவரிலேயே உரசி ஓடுகிறது. கல் பட்டு ஒரு குழி விழுந்தால் அத்தோடு முடிந்தது. இரட்டைக்குழாய் ஷாக் வெளிச்சுவரில் நசுங்கினாலும் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

ரிசர்வாயர் ஷாக் வெப்பத்துக்கான மருந்து. கனமான வண்டி, நீண்ட வரிப்பள்ளச் சாலை, தொடர்ந்த வேகம், இவை சேரும்போது எண்ணெய் சூடேறி இளகி ஷாக் சோர்ந்துபோகும். அங்கே கூடுதல் எண்ணெயும் தனிக் கலமும் விலைக்குத் தகும். இவருக்கு அந்த நோய் இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். அவர் போகும் பாதையிலேயே ஓட்டி நிறுத்தி, வெப்பமானியால் ஷாக்கின் உடலை அளந்தால் மிதமான சூடுதான். கல்லும் பள்ளமுமாக மெதுவாக ஊர்ந்து போகும் லேசான வண்டி ஷாக்கை அதிகம் சூடேற்றுவதில்லை. ஆகவே குறைந்த அழுத்த வாயு கொண்ட, தடித்த இரட்டைக்குழாய் ஷாக் போதும் என்று முடிவானது. இதைக் கேட்டதும் அவர் முகம் வாடியது. ரிசர்வாயர் வெளியே பளபளவென்று தெரியும், இது தெரியாது.

ஷாக்கின் விறைப்பு ஸ்பிரிங்கின் விறைப்பைத் தொடர்ந்து வர வேண்டும். ஸ்பிரிங் ஒன்றரை மடங்கு கடினமானால், அதே அடக்கத்துக்கு ஷாக் சுமார் 1.22 மடங்கு கடினமாக வேண்டும். எனவே கனமான ஸ்பிரிங்குக்காக அமைத்த பழைய கிட்டின் ஷாக்கை, நீளம் போதியிருந்தாலும், புதிய மென்மையான ஸ்பிரிங்கோடு வைத்திருக்க முடியாது. திரும்பி நீள்வதில் அளவுக்கு மீறி இறுக்கமான ஷாக், அடுத்த வரி வருவதற்குள் சக்கரத்தைக் கீழே விடாது. வரிக்கு வரி வண்டி கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி, கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடும்.

காஸ்டரைத் திருத்த, துளை நடுவிலிருந்து விலகி அமைந்த ரப்பர் புஷ்களை ரேடியஸ் ஆர்மில் பொருத்தினோம். கடினமான பாலியூரித்தேன் புஷ் கிடைத்தது, வேண்டாம் என்று விட்டோம். ரேடியஸ் ஆர்ம் அமைப்பில் ஆக்சில் சாயும்போது வளைந்து கொடுப்பது புஷ்தான். அது வளையாவிட்டால் ஆக்சில் சாய மறுக்கும், பிடிகளில் விரிசல் விழும். இன்னும் உயர்த்துவதாக இருந்தால் வளைத்துச் செய்த மாற்று ஆர்ம்தான் சரி. 40 மி.மீ.க்கு அது அதிகம்.

பனார்ட் ராடை மாற்றவில்லை. உயர்த்தும்போது ஆக்சில் ஒரு பக்கம் நகர்வது உண்மைதான். ஆனால் அந்த விலகல் உயரத்தைவிட வேகமாக வளரும். 900 மி.மீ. ராடு, இரு முனைகளுக்கும் இடையே முன்பே 40 மி.மீ. உயர வித்தியாசம் என்று கொண்டால், 40 மி.மீ. உயர்வுக்கு விலகல் 3 மி.மீ.க்கும் குறைவு, 75 மி.மீ. உயர்வுக்கு 6 மி.மீ.யைத் தாண்டும். அந்த 3 மி.மீ.க்காகப் புதிய ராடும் புதிய இணைப்புகளும் தேவையில்லை. முன் பிரேக் ஹோஸின் பிடியை மட்டும் கீழே இறக்கினோம்.

பொருத்தும்போது ஒன்றில் பிடிவாதமாக இருந்தோம். ஆர்ம், பனார்ட் ராடு ஆகியவற்றின் போல்ட்டுகளை, வண்டி நான்கு சக்கரத்தில் தன் எடையோடு நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். ஆக்சில் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் முறுக்கிய நிலையிலேயே நாள் முழுதும் இருந்து, சீக்கிரம் கிழியும். நேரம் மிச்சம் பிடிக்கப் பலர் இங்கேதான் கை வைக்கிறார்கள்.

பிறகு

ஸ்பிரிங் படிந்த பின் அளந்தபோது முன்னால் 38, பின்னால் 42 மி.மீ. உயர்வு. காஸ்டர் வரம்புக்குள் வந்தது. திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் தானாக நேராகிறது. மேட்டைத் தாண்டும்போது வந்த தட்டல் நின்றது. அதே பள்ளத்தை அதே கோணத்தில் கடந்தபோது சக்கரம் தரையை விடவில்லை. இன்னும் ஆழமான பள்ளத்தில் விடத்தான் செய்யும், 2,250 மி.மீ. வீல்பேஸ் வண்டியிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. பழைய கிட்டைவிட இப்போது வண்டி முன்னால் 27, பின்னால் 33 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது, ஆனால் பழைய கிட் நின்றுவிட்ட இடத்தை எளிதாகக் கடக்கிறது.

இழந்தவையும் உண்டு. திருப்பத்தில் உடல் சாய்வு, தொழிற்சாலை நிலையைவிடக் கூடியிருக்கிறது. இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை எடைமையத்தின் உயரத்தால் வகுத்தால் கவிழாமைக்கான ஓர் எளிய எண் கிடைக்கும். அகலம் 1,400, உயரம் 650 என்று கொண்டால் 1.08, உயரம் 40 கூடினால் 1.01. குறுகலான வண்டியில் இது சிறிய வித்தியாசம் அல்ல. உடல் சாய்வைக் குறைக்கும் கம்பியான முன் ஆன்டி-ரோல் பாரைக் கழற்றினால் இன்னும் நன்றாக வளையும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். தார்ச்சாலையிலும் ஓடும் வண்டியில் அதற்கு நான் சம்மதிக்கவில்லை.

விளக்கின் ஒளிக்கற்றையைத் தாழ்த்தித் திருத்தியாகிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் உள்ள எச்சரிக்கைக் கேமராவின் அளவைச் சரிபார்ப்பதும், மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் பாக்கி. கழற்றிய கனமான ஸ்பிரிங்குகளை விற்றுவிடலாம் என்றேன். பம்பர் வாங்கும் நாள் வரும் என்று சொல்லி அவற்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருக்கிறார். வாங்கினால், பொருத்துவதற்கு முன் வண்டியை மறுபடி எடை மேடைக்குக் கொண்டுவருவதாகப் பேச்சு.